வெளிநாட்டு யோகா பயிற்சி: டெபாசிட் கட்டும் முன் கேளுங்கள்



யோகா டிப்ளமோ முடித்த பெண் பிள்ளைகள் இப்போ நம்ம ஊர்களிலும் இருக்கிறார்கள். "தாய்லாந்தில் ஒரு மாசம் பயிற்சி, முடித்ததும் அங்கேயே வேலை. இடம் குறைவு, இன்றைக்கே டெபாசிட் கட்டுங்கள்" என்று போனில் செய்தி வருகிறது. பிள்ளை ஆசைப்படுகிறது. அம்மா குழுவில் கடன் கேட்கிறார். கேட்பதில் தப்பில்லை. ஆனால் பயணம் நின்று போனாலும் கடன் தவணை நிற்காது. அதனால் பணம் கட்டும் முன்னால் சில விஷயங்களைத் தெரிஞ்சுக்கணும்.

டெபாசிட் எதற்கு?

கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கிறோம் அல்லவா, அதே மாதிரிதான். வருகிறேன் என்று சொன்னவர் வராவிட்டால் பயிற்சி மையத்துக்கு நஷ்டம். அதனால் கட்டணத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே வாங்குகிறார்கள். நல்ல மையங்களும் வாங்கும். ஆனால் பல இடங்களில் இந்தப் பணம் திரும்ப வராது.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

1. விசா கிடைக்காவிட்டால், உடம்பு முடியாமல் போனால், அல்லது மையமே பயிற்சியை ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும்? எத்தனை நாளில் வரும்? வாய்ப்பேச்சு போதாது, எழுத்தில் வாங்குங்கள்.

2. கட்டணத்தில் என்னென்ன அடங்கும்? விமான டிக்கெட், விசா, இன்சூரன்ஸ் பெரும்பாலும் தனிச் செலவு. பாக்கியை டாலரில் கட்டச் சொன்னால், டாலர் விலை ஏறும்போது நம் பாக்கியும் ஏறும்.

3. யார் கணக்கில் கட்டுகிறோம்? மையத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் மட்டும் கட்டுங்கள். தனி ஆள் கணக்கிலோ, கையில் ரொக்கமாகவோ வேண்டாம். ரசீது கட்டாயம்.

4. சான்றிதழ் யார் தருவது? "200 மணி நேரப் பயிற்சி, யோகா அலையன்ஸ் பதிவு" என்பார்கள். அது அமெரிக்காவில் உள்ள ஒரு தனியார் அமைப்பு. அரசு உரிமம் அல்ல. நம் நாட்டிலேயே ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் யோகா சான்றிதழ் வாரியம் இருக்கிறது. அதன் தேர்வு எழுதி இங்கேயே சான்றிதழ் வாங்கலாம்.

வேலையும் உண்டு என்றால் இரட்டை கவனம்

சுற்றுலா விசாவில் போய் வேலை பார்ப்பது குற்றம். பிடிபட்டால் நம் பிள்ளைக்கும் தண்டனை உண்டு. 2022-இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன நம் தமிழக இளைஞர்கள், மியான்மருக்குக் கொண்டு போகப்பட்டு மோசடிக் கும்பலிடம் சிக்கினார்கள். அரசு தலையிட்டுத்தான் மீட்டது.

வேலைக்கு ஆள் அனுப்ப, 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். சேவைக் கட்டணமாக ரூ.30,000-மும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், அதற்கு மேல் கூடாது. பதிவு எண்ணைக் கேட்டு, அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபாருங்கள். சென்னையில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. அங்கேயும் விசாரிக்கலாம்.

குழு செய்ய வேண்டியது

எழுத்து மூலமான நிபந்தனை, கணக்கு விவரம் இரண்டையும் கூட்டத்தில் எல்லோரும் பார்த்த பிறகு தீர்மானம் போடுங்கள். நகல் ஒன்று குழுக் கோப்பில் இருக்கட்டும். டெபாசிட் முழுவதும் போய்விட்டாலும் தவணை கட்ட முடியுமா என்று அந்த உறுப்பினரிடம் கேளுங்கள். முடியாது என்றால் அந்தக் கடன் இப்போ வேண்டாம்.

பணம் கடல் தாண்டிப் போய்விட்டால் இங்கிருந்து மீட்பது ரொம்பக் கஷ்டம். ஆன்லைனில் ஏமாந்தது தெரிந்தால் கொஞ்சமும் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

"இன்றைக்கே கட்டு" என்று அவசரப்படுத்துபவரிடம், "எங்க குழுக் கூட்டம் முடியட்டும், அப்புறம் சொல்றேன்" என்று சொல்லுங்கள். நல்ல மையம் அதுவரை பொறுக்கும்.