கணவனை இழுத்தது கடல்! கேன் வீசி மீட்டனர் மீனவர்கள்: மொபெட்டில் தனுஷ்கோடி போய் வந்த பெரம்பூர் ஜோடி

ஊட்டி, கொடைக்கானல் என்று ஜோடியாகப் போகிறவர்கள் உண்டு. காரில் குளுகுளு என்று போகிறவர்கள் உண்டு. ஆனால் அரிசி மூட்டை சுமந்து தேய்ந்துபோன மொபெட்டில், மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக் கொண்டு, கடலோரமாகவே தனுஷ்கோடி வரை போய்த் திரும்பி இருக்கிறார், பெரம்பூர் மளிகைக் கடைக்காரர் ஒருவர்.

கிளம்பிய முதல் நாளே உயிர் போயிருக்க வேண்டியது. ஒரு காலி பிளாஸ்டிக் கேனும், இரண்டு மீனவர்களும், மனைவி போட்ட கூச்சலும் சேர்ந்து அவரைக் கரையில் தள்ளின.

அவருக்கு வயது 58. மனைவிக்கு 53. "பெயரைப் போட்டுடாதீங்க தம்பி, சம்பந்தி வீட்டுல படிச்சா சிரிப்பாங்க" என்று கேட்டுக் கொண்டதால் பெயர் இல்லை.

30 வருஷமாகக் கடை. காலை 5 மணிக்குத் திறந்தால் ராத்திரி 10 மணிக்கு அடைப்பு. பொங்கல், தீபாவளிக்குக்கூட அரை நாள் வியாபாரம் உண்டு. ஒரே மகளுக்குக் கல்யாணம் முடிந்த மறுவாரம் மனைவி கேட்டாராம், "என்னங்க, நாம ரெண்டு பேரும் சேர்ந்து கடைசியா எந்த ஊருக்குப் போனோம்?"

கடைக்காரர் யோசித்துப் பார்த்திருக்கிறார். திருத்தணி. மகளுக்கு மொட்டை அடித்தது!

மாசி மாதம் ஒரு நாள், "ஒரு வாரம் கடை விடுமுறை" என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார்கள். இரண்டு ஹெல்மெட், ஒரு பை, புளி சாதம், கை விளக்கு. விடிகாலை 4 மணிக்கு வண்டி கிளம்பி விட்டது.

அலை இல்லாத இடம்

திருவான்மியூர் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறி, கோவளத்தைக் கடக்கும்போது பொழுது விடிந்தது. கோவளத்தில் சுத்தத்துக்கும் பாதுகாப்புக்கும் 2021-ல் நீலக்கொடி சான்று வாங்கிய கடற்கரை இருக்கிறது. அங்கே இறங்கி இருந்தால் தொந்தரவே இல்லை. "அங்க கூட்டமா இருக்கும்" என்று இன்னும் கொஞ்ச தூரம் போய், ஒரு மீனவர் குப்பத்தை ஒட்டி வண்டியை நிறுத்தினார்கள்.

கடைக்காரருக்குப் பூர்வீகம் திண்டிவனம் பக்கம். ஊர்க் குளத்தில் நீந்திப் பழக்கம். கடலைப் பார்த்தார். இரண்டு பக்கமும் அலை உடைந்து வெள்ளையாக நுரைக்கிறது. நடுவில் ஒரு துண்டு மட்டும் அலை இல்லாமல் அமைதியாகக் கிடக்கிறது. அதுதான் நல்ல இடம் என்று இறங்கி விட்டார்.

அதுதான் எமன் உட்கார்ந்திருக்கிற இடம்!

அலை கரைக்குக் கொண்டு வந்து கொட்டுகிற தண்ணீர் எல்லாம் திரும்பக் கடலுக்குப் போயாக வேண்டும். அடியில் இருக்கும் மணல் திட்டில் எங்கே இடைவெளி இருக்கிறதோ அந்த வழியாக ஆறு மாதிரி வேகமாகப் போகும். அந்த ஓட்டத்தில் அலை உடையாது. மேலே பார்த்தால் குளம் மாதிரி இருக்கும். காலை வைத்தால் இழுக்கும்.

கடைக்காரர் கூறியதாவது:-

"முழங்கால் அளவு தண்ணிதான். குளத்துல நிக்கிற மாதிரி நின்னேன். காலுக்குக் கீழ மண்ணு சரசரன்னு நழுவுச்சு. ரெண்டு நிமிஷத்துல கழுத்தளவு. கரையைப் பார்த்து நீந்துறேன், நீந்துறேன், கரை தூரமாப் போகுது. இவ நிக்கிறது சின்னதாத் தெரியுது. மகளுக்கு நகை வாங்கின பாக்கி இன்னும் இருக்கேன்னு அப்போ நினைப்பு வந்தது. எதுக்கு அது வந்ததுன்னு இன்னிக்கும் தெரியல."

மனைவிக்கு நீச்சல் தெரியாது. ஆனால் அவர் தண்ணீரில் இறங்கவில்லை. செருப்பை உதறிவிட்டு வலை பின்னிக் கொண்டிருந்தவர்களைப் பார்த்து ஓடினார். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். நான் பிண அறை வாசலில் நின்று செய்தி எழுதுகிறவன். கடலில் ஒருவர் போனால் அநேகமாக அது ஒருவரோடு நிற்பதில்லை. காப்பாற்றப் போன அண்ணன், நண்பன், கட்டிய மனைவி என்று இரண்டாவது உடலும் சேர்ந்து வரும்.

ஓடி வந்த இருவரில் ஒருவர், வலைக்கு மிதவையாக வைத்திருந்த காலி கேனில் கயிற்றைக் கட்டித் தூக்கிக் கொண்டு பாய்ந்தார். இன்னொருவர் கரையில் கயிற்றைப் பிடித்துக் கொண்டார்.

"பெருசு! கரைக்கு நீந்தாத! கையை அடிக்காம மல்லாந்து கிட! கேனைப் புடி!" என்று சத்தம் போட்டிருக்கிறார் அந்தப் பையன். பிடித்தவரை நேராக இழுக்காமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போய், அலை உடைகிற இடம் வந்ததும் கரைக்குத் திருப்பினார்கள். இழுக்கிற ஓட்டம் அகலம் குறைவு. பக்கவாட்டில் கொஞ்ச தூரம் போனால் பிடி விட்டுவிடும். எதிர்த்து நீந்துகிறவன்தான் கை சோர்ந்து மூழ்குகிறான்.

கரைக்கு வந்த மனிதர் மணலில் குப்புறப் படுத்து அரை மணி நேரம் வாந்தி எடுத்தார். காப்பாற்றியவர்களுக்கு 500 ரூபாய் நீட்டினார் மனைவி. வாங்கவில்லை. "போய் அந்தாளுக்கு டீ வாங்கிக் குடும்மா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் வலைக்கு உட்கார்ந்து விட்டார்களாம்.

திரும்பலாமா?

"வீட்டுக்குப் போயிடலாம்" என்று சொன்னது கணவர். "வேணாம்" என்று சொன்னது மனைவி!

"இப்ப திரும்பினா இவரு இனிமே ஜென்மத்துக்கும் கடையை விட்டு வெளியே வர மாட்டாரு. எனக்குத் தெரியும். 'தண்ணியில கால் வைக்க மாட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணுங்க, போகலாம்'னேன்" என்றார் அந்த அம்மாள்.

சத்தியம் ஆயிற்று. வண்டி கிளம்பியது.

வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணை. 1976-ல் ரோமுலஸ் விட்டேகரும் அவர் மனைவி சாய் விட்டேகரும் தொடங்கியது. "முதலை வாய்க்கு நேரா நின்னப்பகூட எனக்குப் பயம் வரல. கடலைத் திரும்பிப் பார்க்கத்தான் பயமா இருந்தது" என்கிறார் கடைக்காரர். மாமல்லபுரம் கடற்கரைக் கோவிலைத் தூரத்தில் நின்றே பார்த்தாராம்! அன்று ராத்திரி புதுச்சேரியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கல்.

இதயக்கனி காடு

மறுநாள் கடலூர், சிதம்பரம் வழியாகப் பிச்சாவரம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே கடல் நீரில் நிற்கிற காடு. சுரபுன்னையும் கண்டலும் தண்ணீரிலேயே வேர்விட்டு நிற்கின்றன. சுனாமியின் வேகத்தை இந்தக் காடு தடுத்ததால் பின்னால் இருந்த சில ஊர்கள் தப்பின என்பது தெரிந்த விஷயம்.

தண்ணீரில் கால் வைப்பதில்லை என்று சத்தியம். படகில் ஏறலாமா, கூடாதா? இருவருக்கும் வாக்குவாதம். "படகுல கால் வச்சா தண்ணியில வச்ச மாதிரி ஆகாதும்மா" என்று தீர்ப்புச் சொன்னது படகுக்காரர்! உயிர் காக்கும் சட்டையை மாட்டிக்கொண்டு இருவரும் துடுப்புப் படகில் ஏறினார்கள்.

படகு உள்ளே போகப் போக வாய்க்கால் குறுகுகிறது. கிளை தலையில் தட்டுகிறது, குனிய வேண்டும். மேலே வெயில் கொளுத்தினாலும் உள்ளே நிழல். வேரில் நண்டு ஏறுகிறது, கொக்கு நிற்கிறது. துடுப்புச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. 1975-ல் வந்த "இதயக்கனி" படத்தின் காட்சிகளை இங்கேதான் எடுத்தார்கள். கடைக்காரர் எம்.ஜி.ஆர். ரசிகர். முதல் நாள் செத்துப் பிழைத்தவர், அங்கே எழுந்து நின்று சல்யூட் அடித்தாராம். படகு ஆடியது. மனைவி சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

மூன்றாம் நாள் தரங்கம்பாடி. 1620-ல் டென்மார்க்காரர்கள் கட்டிய கோட்டை, கடலுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. 1845-ல் ஊரை வெள்ளைக்காரனுக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டை மதிலில் உட்கார்ந்து புளி சாதத்துக்குப் பதில் பொரித்த மீன் சாப்பிட்டார்கள்.

அங்கிருந்து நாகப்பட்டினம், வேளாங்கண்ணி. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது அந்த மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வேளாங்கண்ணியில் அவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. அங்கே கடைக்காரர் வெகு நேரம் பேசாமல் நின்றதாக மனைவி சொன்னார். அதைப்பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

உப்பு லாரியில் மொபெட்

நான்காம் நாள் கோடியக்கரை. கருமையும் வெள்ளையுமாக முறுக்குக் கொம்பு வைத்த வெளிமான்கள் கூட்டமாக மேய்கின்றன. அவற்றுக்காகவே 1967-ல் சரணாலயம் ஆக்கினார்கள். ஆள் இல்லாமல் திரிகிற மட்டக்குதிரைகளும் உண்டு. சதுப்பு நீரில் பூநாரைக் கூட்டம் ரோஜா நிறத்தில் நின்றதாம். "டி.வி.யில காட்டுறது பொய்யின்னு நினைச்சேன்" என்கிறார் அம்மாள்.

திரும்புகிற வழியில் வேதாரண்யம் தாண்டியதும் பின் டயர் வெடித்தது. பஞ்சர் இல்லை, வெடிப்பு. மத்தியான வெயில், இரண்டு பக்கமும் உப்பளம். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. 1930-ல் ராஜாஜி தலைமையில் திருச்சியில் இருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய பூமி இது. அவர்கள் நடந்து வந்தார்கள். நம்மவர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

ஒரு உப்பு லாரி நின்றது. மூட்டைக்கு மேலே மொபெட்டை ஏற்றி, இருவரையும் முன்னால் உட்கார வைத்து முத்துப்பேட்டையில் இறக்கி விட்டார் டிரைவர். புது டயர் மாட்டி, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், மீமிசல் என்று தொண்டிக்குப் போய்ச் சேர இருட்டிவிட்டது. அந்தச் சாலையில் ராத்திரி ஓட்டவே கூடாது என்கிறார் கடைக்காரர். பல இடங்களில் விளக்கு இல்லை. நடு ரோட்டில் மாடு படுத்திருக்கிறது. எதிர்த் திசையில் விளக்கு போடாமல் வண்டி வருகிறது.

அம்மாளுக்கு வேறு புகார். சென்னையில் இருந்து தொண்டி வரை, பெண்கள் நம்பிப் போகிற மாதிரி கழிப்பிடம் எத்தனை இடத்தில் பார்த்தார் தெரியுமா? ஒரு கை விரலே அதிகம். "தாகம் எடுத்தாலும் தண்ணி குடிக்காம வந்தேன் தம்பி. அதையும் எழுதுங்க" என்றார். எழுதிவிட்டேன். சுற்றுலாவுக்கு விளம்பரம் செய்கிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

அரிச்சல்முனை

ஐந்தாம் நாள் பாம்பன். 1988-ல் திறந்த சாலைப் பாலத்தின் மேல் காற்று மொபெட்டைத் தள்ளியது. பக்கத்தில் 1914-ம் ஆண்டு ரெயில் பாலமும், 2025-ல் திறந்த புதுப் பாலமும். அம்மாள் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கணவரைக் கட்டிப் பிடித்துக் கொண்டாராம். "கல்யாணமான புதுசுலகூட இப்படிப் புடிச்சதில்ல" என்று கடைக்காரர் சொன்னதும், உள்ளே இருந்து "வாயை மூடுங்க" என்று சத்தம் வந்தது.

ராமேசுவரத்தில் தரிசனம் முடித்து தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் அடித்து ஊரே போனது. பாம்பனில் இருந்து வந்த பாசஞ்சர் ரெயில் பயணிகளோடு கடலில் போனது. இடிந்த மாதா கோவில் சுவர் இன்னும் நிற்கிறது. முன்பு மணலில் வேன் பிடித்துத்தான் போக வேண்டும். 2017-ல் அரிச்சல்முனை வரை ரோடு திறந்த பிறகு மொபெட்டும் போகிறது. ரோட்டில் மணல் ஏறிக் கிடந்தால் சறுக்கும், அவ்வளவுதான். பொழுது சாய்ந்தால் போலீசார் எல்லோரையும் திருப்பி அனுப்பி விடுவார்கள்.

முனையில் இரண்டு பக்கமும் கடல். குளிக்க ஏற்ற இடம் அல்ல. இரண்டு பேர் இடுப்பளவு தண்ணீரில் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு நின்றார்கள். புது ஜோடி. நம் கடைக்காரர் சத்தியத்தை மறந்துவிட்டு முழங்கால் வரை ஓடிப் போய், "டேய்! வெளியே வாடா! பொண்ணை இழுத்துக்கிட்டு வாடா!" என்று கத்தி இருக்கிறார். பையன் முறைத்தான். சண்டைக்கு வந்தான். கடைசியில் வந்துவிட்டான்.

"கோவளத்துல நடந்ததைச் சொன்னேன். அந்தப் பொண்ணு அழுதுடுச்சு. அப்புறம் நாலு பேரும் ஒண்ணா சுண்டல் தின்னோம்" என்றார்.

கடலில் யாராவது சிக்கினால் கடலோரக் காவல் போலீசுக்கு 1093 என்ற எண்ணில் போன் செய்யலாம். ஆம்புலன்சுக்கு 108.

போக வர பெட்ரோல் செலவு சுமார் 2 ஆயிரத்து 500 ரூபாய். டயர் தனி. கடையில் இப்போது பழையபடி வியாபாரம் நடக்கிறது. மூலையில் ஒரு காலி கேன், கழுத்தில் 10 முழம் கயிறு கட்டித் தொங்குகிறது. ஆடியில் கன்னியாகுமரி போகிறார்களாம். அட்டையை எடுத்து வைத்து விட்டார்கள்.