மஞ்சள் மீனின் பசி

ஹவாய்த் தீவுகளின் பவளப் பாறைகளில் பகலெல்லாம் பாசியை மேய்ந்து திரிவது ‘மஞ்சள் டாங்’ என்னும் அழகிய மீன். இதனை வீட்டிலே உப்புநீர்த் தொட்டியில் வளர்ப்போர் சிலர் இறால் துண்டுகளை மட்டுமே இடுகின்றனர். நாளடைவில் மீனின் வயிறு ஒட்டி, நிறமும் மங்கிவிடுகிறது.

இதற்கு வேண்டுவது தழையுணவே. எண்ணெயும் மசாலையும் சேராத உலர்ந்த கடற்பாசித் தாளை நாள்தோறும் தொட்டிக்குள் தொங்கவிடுதல் நன்று. இரவில் நிறம் சற்று வெளிறினால் அஞ்ச வேண்டா, காலையில் மீண்டுவிடும். வாலடியில் கூரிய முள் உண்டு, வெறுங்கையால் பிடித்தலாகாது. 20 சென்டிமீட்டர் வரை வளர்வதால், நீந்தித் திரிய நீண்ட தொட்டியும் தேவை.

2015-ஆம் ஆண்டில் ஹவாய் ஆய்வாளர்கள் இதன் குஞ்சுகளைத் தொட்டியிலேயே பொரிக்கச் செய்து வளர்த்தெடுத்தனர். கடலிலோ 40 ஆண்டுகள் வாழ்ந்த மீன்களும் உண்டு. ஆகவே, வாங்குமுன் நம் பொறுப்பின் நீளத்தையும் எண்ணிப் பார்ப்போமாக!