யாரும் காணாத வணக்கம்

தமிழ் பேசும் முஸ்லிம்களாகிய நாம் நமது மார்க்கக் கடமைகளுட் சிலவற்றை அரபுப் பெயராலேயே குறிப்பிடுகிறோம். ஸகாத் என்கிறோம், ஹஜ் என்கிறோம். ஆனால் 'ஸலாத்' நமக்குத் தொழுகை; 'ஸவ்ம்' நமக்கு நோன்பு. இவ்விரண்டுக்கும் நம் முன்னோர் புதுச்சொல் தேடி அலையவில்லை. தம் வீட்டு மொழியில் முன்பே இருந்த பழந்தமிழ்ச் சொற்களை எடுத்துக்கொண்டார்கள்.

நோன்பு என்ற சொல்லின் வேர் 'நோல்' என்பதாகும். நோற்றல் என்றால் பொறுத்தல், தவஞ்செய்தல். நோன்மை என்றால் வலிமை. தவத்தின் வடிவம் இன்னதென்று கூறவந்த வள்ளுவர், தனக்கு நேர்ந்த துன்பத்தைப் பொறுத்துக்கொள்வதையும் பிற உயிர்களுக்குத் துன்பம் செய்யாதிருப்பதையும் சேர்த்தே சொல்கிறார். அங்கே பொறுத்தலுக்கு அவர் ஆண்ட சொல் 'நோன்றல்'.

அரபுச் சொல்லான ஸவ்முக்கோ தடுத்துக்கொள்ளல், விலகி நிற்றல் என்பதே அடிப்பொருள். தீவனம் உண்ணாமல், ஓடாமல், நின்ற இடத்திலேயே நிற்கும் குதிரையையும் பழைய அரபிகள் இந்த வேரிலிருந்து பிறந்த சொல்லாலேயே குறித்தார்கள். அல்-குர்ஆனில் மர்யம் (அலை) அவர்கள், தாம் ரஹ்மானுக்காக ஒரு ஸவ்மை நேர்ந்திருப்பதாகவும் அதனால் அன்றைய தினம் எந்த மனிதருடனும் பேசப்போவதில்லை என்றும் அறிவிக்குமாறு பணிக்கப்படுகிறார்கள். அங்கே ஸவ்ம் என்பது பேச்சை நிறுத்திக்கொள்வது.

ஆக, தமிழ்ச்சொல் தாங்குவதைச் சொல்கிறது. அரபுச்சொல் தடுத்து நிற்பதைச் சொல்கிறது. உணவு என்ற பேச்சு இவ்விரு வேர்களிலும் இல்லை. நோன்பு என்றதும் நமக்குப் பசிதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. ஆதலால் இதை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

மாற்று மத நண்பர்கள், "நீங்கள் எதற்காக நோன்பு பிடிக்கிறீர்கள்?" என்று கேட்டால், "ஏழையின் பசியை உணர்வதற்காக" என்று நம்மிற் பலரும் விடை சொல்லிவிடுகிறோம். சொல்ல இலகுவான விடை, கேட்பவருக்கும் திருப்தி. அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் அதை முழு விடையாக ஏற்க எனக்கு இயலவில்லை. ஏனெனில் ஏழையும் நோன்பு பிடிக்கிறாரே! கொழும்புப் புறக்கோட்டையில் கொளுத்தும் வெயிலில் மூட்டை சுமக்கும் நாட்டாமையும் நோன்பாளிதான். பசி என்றால் என்னவென்று அவருக்குப் படிப்பிக்க ஒரு மாதம் வேண்டுமா?

நோன்பு ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 624இல் கடமையாக்கப்பட்டது. அதனைக் கடமையாக்கிய இறைவசனம், உங்களுக்கு முன்னிருந்தோருக்கும் இது விதிக்கப்பட்டிருந்தது என்கிறது. இந்தத் தீவில் அதை விளங்கிக்கொள்வது கஷ்டமான காரியம் அல்ல. கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதமிருக்கும் இந்துக்கள் இங்கே இருக்கிறார்கள். தவக்காலத்தின் நாற்பது நாட்களை அனுஷ்டிக்கும் கத்தோலிக்கர் இருக்கிறார்கள். போயா தினத்தில் சில் எடுத்து, மதியத்துக்குப் பின் திட உணவு தொடாத பௌத்தர்கள் இருக்கிறார்கள். நோன்பின் நோக்கத்தையும் அதே வசனம் சொல்லிவிடுகிறது: நீங்கள் தக்வா உடையவர்களாகலாம் என்பதற்காக. தக்வாவை இறையச்சம் என்று மொழிபெயர்ப்பது வழக்கம். இறைவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற நினைவோடு தன்னைக் காத்துக்கொள்ளுதல் என்று விரித்தால் பொருள் இன்னும் தெளிவாகும்.

நோன்பு எனக்கு என்ன பொருள் தருகிறது என்பதை இந்த இடத்திலிருந்துதான் நான் சொல்லத் தொடங்க வேண்டும்.

மற்ற வணக்கங்களை எண்ணிப் பாருங்கள். தொழுபவரைப் பள்ளிவாசலில் காணலாம். ஸகாத் கொடுத்தால் வாங்கியவருக்குத் தெரியும். ஹஜ்ஜுக்குப் போனவரை ஊரே வழியனுப்பி வைக்கிறது. நோன்பை மட்டும் எவராலும் காண முடியாது. அது ஒன்றைச் செய்வதால் ஆவதன்று, செய்யாமல் இருப்பதால் ஆவது. நோன்பாளியும் நோன்பில்லாதவரும் ஒரே பஸ்ஸில், ஒரே ஆசனத்தில் அமர்ந்து வருவார்கள். யார் எவர் என்று நடத்துநருக்குத் தெரியாது. நோன்பு எனக்குரியது, அதற்கு நானே கூலி கொடுக்கிறேன் என்று இறைவன் கூறுவதாக வரும் ஹதீஸுக்கு அறிஞர்கள் தந்த விளக்கங்களுள் இதுவும் ஒன்று: முகஸ்துதி எளிதில் நுழைய முடியாத வணக்கம் நோன்பு.

அஸர் தொழுகைக்கு வுழூச் செய்யும் நேரத்தை நோன்பாளிகள் எல்லோரும் அறிவார்கள். நா வறண்டிருக்கும். குளிர்ந்த நீரை அள்ளி வாயில் இட்டுக் கொப்பளிக்க வேண்டும். அந்தக் கணத்தில் நீர் வாய்க்குள் இருக்கிறது. ஒரு மிடறு உள்ளே இறங்கினால் பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. துப்பிவிடுகிறோம். எட்டு வயதில் முதல் நோன்பு பிடித்த என் பேரன், பள்ளிவாசல் ஹவுழின் ஓரத்தில் குந்தியிருந்து, ஒரு முறைக்கு மூன்று முறை துப்பியதை நான் பார்த்திருக்கிறேன். அவனைக் காவல் காக்க அங்கே ஒருவரும் இல்லை. தக்வாவுக்கு நான் கிதாபுகளில் வாசித்த விளக்கங்கள் பல உண்டு. அவை சொன்னதை அன்று அந்தச் சிறுவனிடம் கண்டேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மறந்துபோய் வயிறாரச் சாப்பிட்டுவிட்டவரின் நோன்பு முறிவதில்லை. அவர் அதைத் தொடர்ந்து பூர்த்தி செய்யட்டும், அவருக்கு உணவளித்தவன் அல்லாஹ்வே என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாக்கு. தெரிந்து விழுங்கிய ஒரு துளி நீர் நோன்பை முறிக்கிறது. மறந்து உண்ட ஒரு கோப்பைச் சோறு முறிக்கவில்லை. நோன்பு இருக்குமிடம் இரைப்பை அல்ல என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

கி.பி. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி அவர்கள் தமது 'இஹ்யா உலூமித்தீன்' என்ற நூலில் நோன்பை மூன்று படிகளாக வகுத்திருக்கிறார்கள். உணவையும் இச்சையையும் தடுப்பது பொதுமக்களின் நோன்பு. கண், காது, நாக்கு, கை, கால் ஆகியவற்றைப் பாவத்திலிருந்து தடுப்பது சிறப்புடையோரின் நோன்பு. இறைவனல்லாத நினைவுகளிலிருந்து உள்ளத்தையே தடுப்பது அதற்கும் மேலானது. மூன்றாம் படி என்னைப் போன்றவர்களுக்கு எட்டாதது. இரண்டாம் படியில் நாக்கு ஒன்றை அடக்குவதற்கே முப்பது நாள் போதாமல் இருக்கிறது. பொய்யான பேச்சையும் அதன்படி நடப்பதையும் விடாதவர், தம் உணவையும் பானத்தையும் விடுவதில் அல்லாஹ்வுக்கு எந்தத் தேவையும் இல்லை என்பது புகாரியில் பதிவான நபிமொழி. பகலெல்லாம் விட்டதை இரவில் சேர்த்து உண்ணும் வழக்கத்தையும் இமாமவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். கஞ்சியோடு ரோல்ஸும் பற்றிஸும் சமோசாவும் பலூதாவும் நிறைந்த நமது இப்தார் மேசைகளைக் கண்டால் என்ன சொல்வார்களோ!

ஆயினும் றமழானின் கூட்டு வாழ்க்கையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஸஹருக்கு எழுப்ப றபான் தட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போகும் பக்கீர் பாவாமாரையும், பள்ளிவாசல் கஞ்சிக்குப் பாத்திரத்தோடு வரிசையில் நிற்கும் பிள்ளைகளையும், பாங்கொலியை எதிர்பார்த்து வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்திருக்கும் குடும்பங்களையும் கொண்டது அந்த வாழ்க்கை. ஊரே நோன்பாக இருக்கும்போது ஒருவர் நோன்பாக இருப்பது இலகு. நம் நாடு பூமத்திய கோட்டுக்கு அண்மையில் இருப்பதால், றமழான் எந்தப் பருவத்தில் வந்தாலும் நமக்குப் பதின்மூன்று மணித்தியாலத்துக்குச் சற்று அதிகமான நோன்புதான். வட ஐரோப்பாவில் கோடைக்கால நோன்பு பதினெட்டு மணித்தியாலத்தையும் தாண்டும். சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிடப் பதினொரு நாளளவு குறைந்தது. ஆதலால் றமழான் ஆண்டுதோறும் முன்னகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. 1992இல் மார்ச் முதல் வாரத்தில் தலைநோன்பு பிடித்தோம். 2025இலும் மார்ச் முதல் வாரத்தில் பிடித்தோம். ஒரு மனிதனுக்கு இப்படி இரண்டு சுற்று கிடைத்தால் அது நிறைவான ஆயுள்.

ஊரின் துணையில்லாத நோன்பை நான் முதலில் கண்டது என் உம்மாவிடம். பெண்களுக்கு மாதந்தோறும் வரும் விலக்கு நாட்களில் நோன்பு இல்லை. விட்டவற்றைப் பின்னர் கழாச் செய்ய வேண்டும். பெருநாள் கழிந்து, வீடு பழைய நடைக்குத் திரும்பிய பின்னர், உம்மா அந்த நோன்புகளைப் பிடிப்பார். எங்களுக்குக் காலையில் பிட்டு அவிப்பார். மத்தியானம் சோறு பரிமாறுவார். கறிக்கு உப்புக் காணுமா என்று எங்களிடமே கேட்டறிவார். மாலையில் மஃரிபு பாங்கு சொன்னதும் அடுப்படியில் நின்றபடியே ஒரு பேரீச்சம்பழமும் ஒரு மிடறு தண்ணீரும். அவ்வளவுதான். கஞ்சி இல்லை, றபான் இல்லை, வானொலியில் சிறப்பு நிகழ்ச்சி இல்லை. உண்போர் நடுவில் உண்ணாமல் இருந்த அந்த நோன்புகளைப் பற்றி நம் எழுத்தாளர்கள் அதிகம் எழுதியதாக எனக்கு ஞாபகமில்லை. யாரும் காணாத வணக்கம் என்று நான் மேலே சொன்னதை அதன் முழு வடிவில் வாழ்ந்து காட்டியவர்கள் நம் வீட்டுப் பெண்கள்தாம்.

இதையெல்லாம் நான் இன்று எண்ணிப் பார்ப்பதற்கு ஒரு காரணம் உண்டு. சீனி வருத்தம் முற்றி, நாளுக்கு இரு வேளை இன்சுலின் ஏற்றும் நிலைக்கு நான் வந்துவிட்டேன். நோன்பு வேண்டாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். இந்த வருத்தமுள்ள எல்லோருக்கும் அப்படியல்ல. வைத்தியரிடம் கேட்டு மருந்து வேளையை மாற்றிக்கொண்டு பிடிப்போர் பலர் இருக்கிறார்கள். அவர்களும்கூட, இரத்தத்தில் சீனி ஒரு டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் உடனே நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டல். எனக்கு அந்த இறக்கம் முன்னறிவிப்பின்றி வருகிறது. ஆலிம் ஒருவரிடமும் கேட்டேன். நோன்பைப் பற்றிய வசனங்களிலேயே நோயாளிக்குச் சலுகை இருப்பதையும், இறைவன் உங்களுக்கு இலகுவையே நாடுகிறான், கஷ்டத்தை நாடவில்லை என்று அங்கே கூறப்பட்டிருப்பதையும் அவர் எடுத்துக்காட்டினார்.

சலுகை கிடைத்தது, மனம் அதை ஏற்கத்தான் நாட்கள் சென்றன. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக உடம்போடு ஊறிய ஒன்று விலகும்போது ஏற்படும் வெறுமையைச் சொல்லில் கொண்டுவருவது கடினம். வீட்டில் எல்லோரும் நோன்பாக இருக்க, நான் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு துண்டுப் பாண் உண்கிறேன். முன்பு உண்ணாதிருந்தது எனக்கும் இறைவனுக்கும் இடையிலான இரகசியம். இப்போது உண்பது அப்படி ஆகிவிட்டது. அவன் விதித்ததால் அன்று விட்டேன். அவன் அனுமதித்ததால் இன்று உண்கிறேன். நோன்பு பிடிக்க வேண்டும் என்ற என் ஆசையைத் தடுத்துக்கொள்வதும் ஸவ்ம் என்ற சொல்லின் அடிப்பொருளுக்கு வெளியே இல்லை என்றே எனக்குப் படுகிறது.

தீராத நோயாளி விட்ட ஒவ்வொரு நோன்புக்கும் பித்யா கொடுக்க வேண்டும். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி அது நாளொன்றுக்கு ஒரு முத்து தானியம். நமக்கு அரிசி. ஒரு முத்து என்பது நடுத்தர மனிதர் ஒருவர் இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. வீட்டில் அரிசி அளக்கும் சுண்டு இருந்தும், ஒவ்வொரு நாளும் விடிந்த பின்னர் நான் என் கைகளாலேயே அள்ளி, குறையாமல் இருக்க இன்னும் கொஞ்சம் சேர்த்து, ஒரு தகரப் பேணியில் இடுகிறேன். கிழமைக்கு ஒரு முறை அது உரியவர் வீட்டுக்குப் போகிறது.

ஏழையின் பசியை உணர்வதற்காகவே நோன்பு என்ற விடையை நான் முன்னர் மறுத்தேன். இந்த அரிசியை அள்ளும்போது அந்த விடைக்கு உரிய இடமும் எனக்கு விளங்குகிறது. நான் பிடிக்க முடியாத ஒரு நாளை, மார்க்கம் இன்னொருவர் வீட்டு உலையில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அந்த வீட்டில் இருப்பவர் நோன்பாளி. என் அரிசியில் அவர் ஸஹர் செய்கிறார்; அதே அரிசியில் காய்ச்சிய கஞ்சியில் நோன்பு திறக்கிறார். அவர் உலையில் கொதிப்பது என் பித்யா அரிசி என்பது அந்த மஃரிபு நேரத்தில் அவருக்கு நினைவிருக்காது, இருக்கவும் தேவையில்லை.