ஆமைக்காகப் படிப்பை விட்ட மாணவர்!

என்ஜினீயர் படிப்பு என்றால் பெற்றோருக்கு எத்தனை கனவு! அந்தப் படிப்பை ஒருவர் ஆமைக்காக விட்டுவிட்டார். அவர் பெயர் சதீஷ் பாஸ்கர்.

1970-ம் ஆண்டுகளில் அவர் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தார். பக்கத்திலேயே கிண்டி பாம்புப் பண்ணை. அதைத் தொடங்கியவர் ரோமுலஸ் விட்டேக்கர். பாஸ்கருக்குக் கடல் என்றால் உயிர். பண்ணைக்காரர்களோடு சேர்ந்து கடல் ஆமைகளைத் தேடிக் கிளம்பினார்.

நள்ளிரவு நடை

ஊர் அடங்கிய பிறகுதான் பங்குனி ஆமை சென்னைக் கரைக்கு வரும். பின் துடுப்புகளால் மணலில் குழி தோண்டும். நூறு முட்டைக்கு மேல் இடும். குழியை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். குஞ்சுகளைப் பார்க்க வருவதே இல்லை.

நாய், நரி, மனிதர் எல்லோருமே அந்த முட்டைகளுக்குப் பகை. அவர்கள் கைக்குச் சிக்குமுன் முட்டைகளை எடுத்து, வேலி போட்ட இடத்தில் புதைக்க வேண்டும். இதற்காக இளைஞர்கள் இரவெல்லாம் நடந்தார்கள். ஆமை ஊர்ந்த தடத்தை வைத்துக் குழியைக் கண்டுபிடித்தார்கள். சுமார் 50 நாளில் குஞ்சு பொரிக்கும்.

பாஸ்கருக்கு இதுவே வாழ்க்கை ஆயிற்று. பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டார். இந்தியக் கடற்கரையில் 4,000 கிலோ மீட்டருக்கு மேல் நடந்து ஆமைகளை ஆராய்ந்தார்.

புட்டிக்குள் கடிதம்

1982-ல் அவர் லட்சத்தீவுக் கூட்டத்தில் உள்ள சுஹேலிக்குப் போனார். அங்கே குடிமக்கள் கிடையாது. பேராமைகள் அங்கு முட்டையிடுவது மழைக்காலத்தில். அப்போது கடல் கொந்தளிக்கும். படகு போகாது. போனவர் மழை முடியும்வரை திரும்ப முடியாது.

சாமான்களோடு பாஸ்கர் தன்னந்தனியாகத் தீவில் இறங்கினார். ஐந்து மாதம் தங்கினார். காய்ச்சல் வந்தாலும் மருந்து கொடுக்க ஆள் இல்லை. வீட்டிலோ மனைவியும் கைக்குழந்தையும்!

மனைவிக்கு ஒரு கடிதம் எழுதினார். புட்டியில் அடைத்துக் கடலில் எறிந்தார். அது மிதந்து போய் இலங்கைக் கரையில் ஒதுங்கியது. கண்டெடுத்த மீனவர் அதைத் தபாலில் அனுப்பினார். கடிதம் மனைவி கைக்கு வந்து சேர்ந்தது!

2023-ல் பாஸ்கர் காலமானார்.

மாணவர் படை

1988-ல் சென்னை மாணவர்கள் கடல் ஆமைகளைக் காக்கத் தனிக் குழு அமைத்தார்கள். அவர்களில் ஒருவர் கார்த்திக் சங்கர். பிற்காலத்தில் அவர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஆனார். குழுவினர் இன்றும் முட்டையிடும் பருவத்தில் இரவு நடை போகிறார்கள்.

பகை இன்னும் ஓயவில்லை. ஆமை மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் சிக்கினால் மூச்சு முட்டிச் சாகும். 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் சென்னைக் கரையில் செத்து ஒதுங்கின.

பொரித்த குஞ்சு வெளிச்சத்தை நோக்கி ஓடும். இருட்டில் கடல்தான் பளிச்சென்று தெரியும். தெரு விளக்கு எரிந்தால் வழி தவறி ரோட்டுக்கு வந்துவிடும். கரையோரம் குடியிருப்போர் அந்த மாதங்களில் இரவு வாசல் விளக்கை அணைத்து வைத்தால், பல குஞ்சுகள் பத்திரமாகக் கடல் போய்ச் சேரும்.