நல்லா ஆடினா மட்டும் போதுமா? கால்பந்து மாணவர்களுக்கு கல்லூரி சீட் கிடைப்பது எப்படி?

திருப்பூர் மாவட்டத்தில் அமராவதி ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் கொமரலிங்கம். இந்தப் பக்கம் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளுக்கு உடனே சம்பளம் தரும் இடம் மில்லும் பனியன் கம்பெனியும்தான். கால்பந்து ஆடும் பல பேருடைய ஆட்டம் நின்றுபோவதும் அந்த 17, 18 வயதில்தான். ஆனால் அதே ஆட்டத்தை வைத்து கல்லூரியில் சேரவும் வழி இருக்கிறது. அதற்குத் திறமையோடு சில காகிதங்களும் வேண்டும். அவற்றை 9-ம் வகுப்பிலேயே சேர்க்கத் தொடங்க வேண்டும் என்பதுதான் பல வீடுகளில் தெரியாத விஷயம்.

கல்லூரிக்காரங்க தேடி வருவாங்களா?

அமெரிக்காவில் கல்லூரிப் பயிற்சியாளர்கள் பள்ளி, கிளப் ஆட்டங்களுக்கு நேரில் போய் வீரர்களைத் தேர்வு செய்வது வழக்கம். இங்கே பெரும்பாலும் மாணவர்தான் தேடிப் போக வேண்டும். போவதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, அரசு கலந்தாய்வு. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் பொறியியல் படிக்க விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் இந்த ஒதுக்கீடு 3 சதவீதம். பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு நடந்துவிடும். இங்கே யாரும் உங்கள் ஆட்டத்தைப் பார்க்க மாட்டார்கள். சான்றிதழ்தான் பேசும்.

இரண்டாவது வழி, தனியார் மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகள். பல்கலைக்கழகப் போட்டிகளில் ஜெயிக்க நல்ல அணி வேண்டும் என்பதால், பல கல்லூரிகள் கோடை விடுமுறையையொட்டி தேர்வுப் போட்டி வைத்து ஆட்களை எடுக்கின்றன. பொதுவாக அதை நடத்துபவர் உடற்கல்வி இயக்குநர். கட்டணச் சலுகை, விடுதி, சாப்பாடு என்று கல்லூரிக்குக் கல்லூரி உதவி மாறும். இங்கே சான்றிதழ் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் ஆட்டம் காப்பாற்றும்.

எந்தச் சான்றிதழ் செல்லும்?

ஊர்த் திருவிழா டோர்னமென்ட்டில் வாங்கிய ஷீல்டு வீட்டு அலமாரிக்கு அழகு. கலந்தாய்வில் அதற்கு மதிப்பு கிடையாது. அங்கீகரிக்கப்பட்ட போட்டிகள்தான் கணக்கு.

பள்ளி வழியில் குறுமையம், மாவட்டம், மாநிலம் என்று ஏறி, இந்தியப் பள்ளி விளையாட்டுக் குழுமம் நடத்தும் தேசியப் போட்டிக்குப் போகலாம். 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் எனப் பிரிவுகள் உண்டு.

சங்க வழியில் மாவட்டக் கால்பந்து சங்கத்தின் தேர்வில் தொடங்கி, மாநில அணியில் இடம்பிடித்து, அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் தேசியப் போட்டிகளில் ஆடலாம். பி.சி. ராய் கோப்பை அப்படிப்பட்ட ஜூனியர் போட்டி.

இவற்றைத் தவிர, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் முதலமைச்சர் கோப்பையில் பள்ளி மாணவர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. பதிவு ஆன்லைனில்தான், கடைசித் தேதியைத் தவறவிடக் கூடாது.

சர்வதேசம், தேசியம், மாநிலம் என்ற வரிசையில்தான் சான்றிதழின் மதிப்பு இறங்கும். குறிப்பிட்ட கல்வியாண்டுகளுக்குள் ஆடியவை மட்டுமே ஏற்கப்படும். அதனால் பிளஸ் டூவில் மட்டும் ஆடி சமாளிப்பது கஷ்டம்.

சின்ன ஊரில் இருந்து முடியுமா?

முடியும். சிவகங்கை மாவட்டம் கண்டனூரில் இருந்து வந்த சிவசக்தி நாராயணன், பெங்களூரு எஃப்சி அணிக்காக ஐஎஸ்எல் ஆடினார். 2018-ல் மணிப்பூரை 2-1 என வென்று தமிழ்நாடு மகளிர் அணி முதல் முறையாக தேசிய சாம்பியன் ஆனது. அதில் ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கும் ஆடியவர், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளரும் ஆனார். தமிழ்நாடு அரசு வேலைகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு.

உள்ளூரில் தொடர்ந்து பயிற்சி கிடைக்காதவர்களுக்கு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகள் ஒரு வழி. இவற்றில் தங்கிக்கொண்டே பள்ளிப் படிப்பையும் பயிற்சியையும் தொடரலாம். 7, 8, 9, 11-ம் வகுப்புகளில் சேர்க்க தேர்வுப் போட்டி நடத்துகிறார்கள்.

வீடியோ எப்படி எடுக்கணும்?

கல்லூரிக்கு முதலில் வீடியோ அனுப்புவது இப்போது சகஜம். விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. மொபைலைக் கிடைமட்டமாகப் பிடித்து, பள்ளி மாடி மாதிரி உயரமான இடத்தில் இருந்து எடுத்தால் போதும்.

மூன்று, நான்கு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சிறந்த காட்சிகள் முதலில் வரட்டும். நீங்கள் யார் என்று ஜெர்ஸி எண்ணோடு காட்டுங்கள். டிஃபெண்டர்கள் கோலைத் தேட வேண்டாம். பந்தைப் பறிப்பது, பந்து இல்லாதபோது நிற்கும் இடம், முதல் பாஸ் இவற்றைக் காட்டினாலே போதும். கூடவே ஒரு முழு ஆட்டத்தின் லிங்க்கும் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் தோற்கும்போது எப்படி ஆடுகிறார் என்று பார்க்க விரும்புபவர்களும் உண்டு. வாட்ஸ்அப்பில் நேரடியாக அனுப்பினால் தரம் குறையும். யூடியூபில் ஏற்றி லிங்க் அனுப்பலாம்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

● பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கட்டும். வயதைக் குறைத்துக் காட்டுவது வேலைக்கு ஆகாது. எலும்பு வளர்ச்சிப் பரிசோதனையில் மாட்டினால் ஆடும் வாய்ப்பே போய்விடும்.

● போட்டி முடிந்த உடனே சான்றிதழ் வாங்கி, பெயர், தேதி, கையெழுத்து, முத்திரை சரிபார்த்து ஸ்கேன் செய்துவையுங்கள்.

● கல்லூரி "ஃப்ரீ சீட்" என்று சொன்னால், எது ஃப்ரீ என்று கேளுங்கள். கல்விக் கட்டணம் மட்டுமா, விடுதியும் சாப்பாடும் சேர்த்தா? மூன்று வருடத்துக்குமா? அடிபட்டு ஆட முடியாமல் போனால் சலுகை தொடருமா? பதிலை எழுத்தில் வாங்குவது நல்லது.

● "காசு கொடுத்தா மாநில அணி சான்றிதழ் வாங்கித் தர்றேன்" என்பவரை நம்பாதீர்கள். போலி என்று தெரிந்தால் சீட்டும் போகும், வழக்கும் வரும்.

● மார்க்கையும் விடக் கூடாது. விளையாட்டு ஒதுக்கீட்டிலும் அந்தப் படிப்புக்கான அடிப்படைத் தகுதி தேவை. சென்னை ஐஐடி 2024-ல் தொடங்கிய விளையாட்டு வீரர் சேர்க்கைக்குக்கூட, ஜேஇஇ அட்வான்ஸ்டு தரவரிசையில் இடம் இருந்தால்தான் விண்ணப்பிக்க முடியும்.

எப்போ தொடங்கணும்?

9-ம் வகுப்பில் பள்ளி அணி, மாவட்டத் தேர்வு. 10, 11-ல் மாநில அளவுக்கு முயற்சி, கூடவே வீடியோ சேகரிப்பு. பிளஸ் டூ ஜனவரிக்குள் விருப்பமான ஐந்தாறு கல்லூரிகளின் உடற்கல்வித் துறைக்கு வீடியோவும் சான்றிதழ் நகலும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ரிசல்ட் வந்த பிறகு விசாரித்தால், பல கல்லூரிகளில் தேர்வே முடிந்திருக்கலாம். இப்போது 9-ம் வகுப்பில் ஆடும் பிள்ளை வீட்டில் இருந்தால், இந்த வாரமே பள்ளி உடற்கல்வி ஆசிரியரைப் பார்த்து அடுத்த குறுமையப் போட்டி எப்போது என்று கேட்டுவிடுவது நல்லது.