கடற்கரை விடுமுறையும் யுத்தத்தின் தழும்புகளும்

பாடசாலை லீவு விட்டால் எமது வீடுகளில் எழும் முதற் கேள்வி "இந்த முறை எங்க போற?" என்பதுதான். கண்டி, நுவரெலியா, கொழும்பு என்று பிள்ளைகள் அடுக்குவார்கள். கடற்கரைக்குப் போவோம் என்று யாராவது சொன்னால், "கடல் நம்மட ஊருல இல்லையா?" என்று ஆண்கள் சிரிப்பார்கள். இருக்கிறதுதான். ஆனால் சகோதரிகளே, பொத்துவிலில் பிறந்து வளர்ந்த பெண்களில் எத்தனை பேர் அந்தக் கடலில் முழங்கால் அளவாவது இறங்கியிருக்கிறோம்? அறுகம்பையில் அலைச்சறுக்க உலகின் எல்லா மூலைகளிலிருந்தும் வருகிறார்கள். நாமோ பாலத்தில் நின்று பார்த்துவிட்டு, மஃரிபுக்கு முன் வீடு திரும்பிவிடுகிறோம். 2004 சுனாமிக்குப் பிறகு பலருக்கு அந்த ஆசையும் போய்விட்டது.

அதனால்தான் எமது மாதர் குழு ஒரு பயணத்துக்கெனத் தனியாகச் சீட்டுப் பிடித்தது. பத்து மாதச் சீட்டு. பெண்கள் பதினான்கு பேர், பிள்ளைகள் ஒன்பது பேர், ஒரு ரோசா பஸ், மூன்று நாட்கள், இரண்டு இரவுகள். பொத்துவிலிலிருந்து மட்டக்களப்பு ஏறக்குறைய 110 கிலோமீற்றர். அங்கிருந்து வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா வழியாகத் திருகோணமலை இன்னும் 130 கிலோமீற்றர் அளவில். முழுப் பாதையும் கடலோரம். அதே பாதைதான் யுத்தம் நடந்த பாதையும். "குளிக்கப் போற பயணத்துல மையத்துக் கதை என்னத்துக்கு?" என்று ஒரு ராத்தா கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் பிள்ளைகள் கேட்கத் தொடங்கிவிட்டார்களே. நாம் பதில் சொல்லாவிட்டால் வேறு யாராவது சொல்லுவார்கள். எப்படிச் சொல்லுவார்கள் என்பது நமக்குத் தெரியாது.

ஆகஸ்ட் மாதம்

கிழக்குக் கடல் மே முதல் செப்டெம்பர் வரை பெரும்பாலும் அமைதியாக இருக்கும். பாசிக்குடா, நிலாவெளி இரண்டுக்கும் அதுவே நல்ல காலம். நவம்பரில் வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் கடலையும் நம்ப முடியாது, வெருகல் பக்கத்து வெள்ளத்தையும் நம்ப முடியாது. ஆகவே ஆகஸ்ட் என்று முடிவு செய்தோம். திகதி குறிக்க உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. 1990 ஆகஸ்ட் 3 காத்தான்குடி. அதே மாதம் 12 ஏறாவூர். அதே 12ஆம் திகதி வீரமுனை. 2006 ஆகஸ்ட் 4 மூதூர். கடல் அமைதியாக இருக்கும் மாதத்தில்தான் இந்தக் கரையில் இத்தனை பேர் மௌத்தாகியிருக்கிறார்கள்.

முதல் நாள் சுபஹுத் தொழுதுவிட்டுப் புறப்பட்டு, பத்து மணிக்கு முன் காத்தான்குடி போய்விட்டோம். அன்று இஷாத் தொழுகையில் நின்றவர்களைப் புலிகள் மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுஸைனிய்யாப் பள்ளியிலும் சுட்டுக் கொன்றார்கள். ஷஹீதானவர்கள் நூற்றுக்கும் மேல். அவர்களில் சிறுவர்களும் உண்டு. சுவரில் சன்னங்கள் துளைத்த இடங்களைப் பூசி மறைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். பெண்கள் குழுவாகப் போவதாக இருந்தால் பள்ளி நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லி, தொழுகை நேரமல்லாத நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லாமல் போய் வாசலில் நிற்பது அவர்களுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம்.

அங்கே பதினொரு வயதுப் பிள்ளையொன்று சுவர்த் துளைக்குள் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "யாரும்மா சுட்ட?" என்று கேட்டாள். தாய் யோசிக்காமல் "தமிழாக்கள்" என்றார்.

எமது பஸ் சாரதி திருக்கோவிலைச் சேர்ந்த தமிழர். வாசலுக்கு அருகில்தான் நின்றார். கேட்டிருப்பார். ஒன்றும் பேசாமல் போய் முன்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

பஸ்ஸில் ஏறிய பின் அந்தத் தாயுடன் மெதுவாகக் கதைத்தேன். சுட்டவர்களுக்குப் பெயர் இருக்கிறது, புலிகள் என்று சொல்லுங்கள், ஒரு சனத்தின் தலையில் போடாதீர்கள் என்றேன். அவருடைய மாமா ஒருவர் அந்தப் பள்ளியில் மௌத்தானவர். "நீங்க படிச்சாக்கள், லேசாச் சொல்லுவீங்க" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. சமூகவியல் படித்தால் எல்லாவற்றுக்கும் பதில் வந்துவிடும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

கடலுக்கடியில் ஒரு கப்பல்

மட்டக்களப்பில் கல்லடிக் கடற்கரையில் சோற்றுப் பார்சலைப் பிரித்தோம். அந்தக் கரைக்கு அப்பால், சில மைல் தூரத்தில், கடலடியில் ஹேர்மீஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்த பின் பிரித்தானியக் கடற்படைக்குக் கொழும்பும் திருகோணமலையும் பெரிய தளங்களாயின. ஏப்ரல் 5 கொழும்பிலும் ஏப்ரல் 9 திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. தாக்குதல் வரப்போகிறது என்று அறிந்து முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டு வெளியேறிய ஹேர்மீஸ் மட்டக்களப்புக் கடலில் அகப்பட்டது. விமானந்தாங்கிக் கப்பல்தான், ஆனால் அன்று அதில் ஒரு விமானமும் இருக்கவில்லை. முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வீற்றா என்ற வைத்தியசாலைக் கப்பல் வந்து சுமார் அறுநூறு பேரைத் தூக்கியது. கப்பல் ஆழத்தில் கிடப்பதால் பயிற்சி பெற்ற சுழியோடிகள் மட்டுமே போய்ப் பார்க்கலாம். பிள்ளைகளுக்குக் கரையிலிருந்து கைகாட்டிச் சொன்னோம். யுத்தக் கதைகளில் அவர்கள் மிக ஆர்வமாகக் கேட்டது இதைத்தான். தூரத்து யுத்தம் கேட்பதற்கு இலேசு.

மட்டக்களப்பு நகரில் சீயோன் தேவாலயத்தின் முன்னால் பஸ்ஸை மெதுவாக ஓட்டச் சொன்னேன். 2019 ஏப்ரல் 21 அன்று, எமது மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்த ஒருவன் அங்கே குண்டை வெடிக்கவைத்தான். இறந்தவர்களில் பலர் ஞாயிறு பாடசாலைச் சிறுவர்கள். காத்தான்குடிப் பள்ளியிலிருந்து அந்த இடம் அரை மணித்தியாலத் தூரம்கூட இல்லை. காலையில் விரல் வைத்துப் பார்த்த பிள்ளை இப்போதும் "யாரு?" என்று கேட்டாள். இந்த முறை அவளுடைய உம்மா உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "கெட்ட கூட்டம் ஒண்டு" என்றார்.

நகரைத் தாண்டி ஏறாவூர்ப் பாதையில் போகும்போது சாரதி, "ஐஞ்சு நிமிசம் நிப்பாட்டலாமா, டீச்சர்?" என்று கேட்டார். சத்துருக்கொண்டான். 1990 செப்டெம்பர் 9 அன்று சுற்றுவட்டாரக் கிராமங்களின் தமிழ் மக்களை இராணுவ முகாமுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். 180க்கும் மேற்பட்டோர், பெண்களும் குழந்தைகளும் உட்பட. அவருடைய மனைவியின் உறவினரும் அதில் இருந்திருக்கிறார்கள். நினைவுத் தூபிக்கு அருகில் அவர் தனியே போய் நின்றார். நாங்கள் பஸ்ஸுக்குள் இருந்தோம். யார் முதலில் இறங்குவது என்று தெரியவில்லை. எங்களில் மூத்த மாமிதான், "அந்தப் பொடியன் தனியா நிக்கான்" என்று சொல்லிக்கொண்டு இறங்கினார். பிறகு எல்லோரும் இறங்கினோம்.

பாசிக்குடாவில் வெகு தூரம் வரை ஆழம் குறைவு, அலையும் இல்லை. அஸருக்குப் பிறகு வெயில் தணிந்த நேரம், சனம் குறைந்த ஓரமாகப் பார்த்து எல்லோரும் உடுப்போடு இறங்கினோம். ஐம்பத்தெட்டு வயதில் முதன்முதலாகக் கடலில் இருந்து எழும்பிய ஒருவரின் முகத்தை அன்று பார்த்தேன். அதை எழுத எனக்கு வராது. இரவு ஓட்டமாவடியில் உறவினர் வீடு. ஹோட்டல் செலவு மிச்சம். பிட்டும் மீன் கறியும் கிடைத்தது.

திருகோணமலை

வெருகல் முதல் கிண்ணியா வரை ஒரு காலத்தில் பாதையில் ஏறி ஏறி ஆறு கடந்த வழி. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தது. ஏறக்குறைய 400 மீற்றர் நீளம். மூதூரை நெருங்கும்போது ஒன்றை மட்டும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். 2006 ஆகஸ்டில் அங்கே சண்டை மூண்டு முஸ்லிம்கள் கால்நடையாகக் கந்தளாய் நோக்கி ஓடிய நாட்களில், பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் பணியாளர்கள் பதினேழு பேர் தமது அலுவலக வளவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பதினாறு பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். கிணறு, மலசலகூடம் என்று சனத்துக்கு வேலை செய்தவர்கள். நான் செய்வதும் அந்த வேலைதான். அதனால் அதிகம் பேச முடியவில்லை.

நகரிலிருந்து நிலாவெளி வீதியில் சுமார் ஆறு கிலோமீற்றரில் யுத்த மயானம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இறந்த பொதுநலவாயப் படையினரின் கபுறுகள் முந்நூறு அளவில். அதிகாரிக்கும் சாதாரண மாலுமிக்கும் ஒரே அளவுக் கல். பெயர், பதவி, திகதி. பெரும்பாலான கற்களில் வயதும் உண்டு. எங்கிருந்தோ வந்து இறந்தவர்களுக்கு இத்தனை ஒழுங்காகப் பெயர் வெட்டி வைத்திருக்கிறார்களே என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். 2006 செப்டெம்பரில் எமது ஊர்க் குளத்து வேலைக்குப் போய்க் கொல்லப்பட்ட பத்து முஸ்லிம் தொழிலாளர்களை அப்போது ஒருவர் நினைவுபடுத்தினார். அவர்களின் பெயர்களை எங்களில் மூன்று பேரால் மட்டுமே முழுமையாகச் சொல்ல முடிந்தது. அவர்களும் அந்த வீடுகளின் சொந்தக்காரர்கள்.

பிரட்றிக் கோட்டைக்கு ஒரு மணித்தியாலம் போதும். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லால் கட்டத் தொடங்கியது. பின் ஒல்லாந்தர், ஆங்கிலேயர். உள்ளே மான்கள் திரிவதால் பிள்ளைகளுக்குச் சலிப்பில்லை. புறாத்தீவுக்குப் படகில் போக ஆசைப்படுவார்கள். ஆங்கிலேயக் கடற்படை குண்டு சுட்டுப் பழகிய அந்தத் தீவு 2003 முதல் தேசிய பூங்கா. படகுக் கூலி, நுழைவுக் கட்டணம் இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒன்பது பிள்ளைகளுக்குக் கையைக் கடித்தது, விட்டுவிட்டோம். நிலாவெளிக் கரையே போதுமாக இருந்தது.

திட்டமிடுபவர்களுக்கு என் அனுபவத்தில் சில விடயம். துக்கமான இடத்தைக் காலையில் வையுங்கள், கடலை மாலையில் வையுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு இடத்துக்கு மேல் பிள்ளைகளுக்குத் தாங்காது. முதல் நாள் நாங்கள் மூன்று வைத்தது பிழை. எட்டு வயதுக்குக் குறைந்தவர்களைச் சன்னத் துளைகளின் முன்னால் நிறுத்தாதீர்கள். எந்த நினைவிடத்திலும் சிரித்துப் படம் எடுக்க விடாதீர்கள். தொழவும் மலசலகூடத்துக்கும் நிறுத்தும் இடங்களை முதலே எழுதிக்கொள்ளுங்கள். ஏறாவூர், ஓட்டமாவடி, மூதூர், கிண்ணியா என்று வழியெல்லாம் நம் ஊர்கள்தான், பிரச்சினை இல்லை.

ஒரு இடத்துக்கு நாங்கள் போகவில்லை. வீரமுனை. 1990இல் அங்கே பிள்ளையார் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். எமது சமூகத்து ஊர்காவல் படையினர் அதில் இருந்தார்கள் என்பதைத் தப்பி வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அழைக்காமல் போய் நிற்க எங்களுக்குத் துணிவு வரவில்லை. ஊர் திரும்பிய பின் அந்தப் பக்கத்து மாதர் சங்கம் ஒன்றுக்கு, வரலாமா என்று கேட்டு ஆளனுப்பியிருக்கிறோம். மூத்த மாமிதான் அதற்கும் முன்னின்றார். பதில் இன்னும் வரவில்லை. அடுத்த சீட்டின் முதல் மாதப் பணத்தை மட்டும் சேர்த்துவிட்டோம்.