உஷார்! குட்டி கேபினட்டில் கம்ப்யூட்டர் போடப் போறீங்களா?

அட்வான்ஸ் கொடுத்துடாதீங்க! பிராசஸர் முடிவாச்சு, மதர்போர்டு முடிவாச்சு, "கேபினட்தானே, கடைசியில் பார்த்துக்கலாம்" என்று காந்திபுரத்துக்குக் கிளம்பிக்கொண்டிருப்பவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள். பெரிய டவர் கேபினட் என்றால் அந்தக் கணக்கு சரி. எதை வாங்கினாலும் உள்ளே போய்விடும். செருப்புப் பெட்டி அளவுக்கு ஒரு குட்டி கேபினட்டை மேசை மேல் வைக்க ஆசைப்பட்டால் வரிசையே தலைகீழ். முதலில் கேபினட். அதன் அளவுக்குள் எது அடங்குமோ அதுதான் மற்றதெல்லாம்.

கடையில் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"அண்ணா, இந்த கூலர் இதுல உக்காருமுங்களா?"

"சாக்கெட் ஒண்ணுதான் தம்பி, தாராளமா உக்காரும்."

உட்காரும். சைடு பேனல்தான் மூடாது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. தம்பி கேட்டது கேபினட்டைப் பற்றி, அவர் பதில் சொன்னது மதர்போர்டைப் பற்றி. அதற்குள் பெட்டி பிரித்தாகிவிட்டது, பேஸ்ட் தடவியாகிவிட்டது. பில்லின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் "பிரித்த பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" அப்போதுதான் கண்ணில் படும். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிக் கிடக்கிறது. ஒரு பொருளை இரண்டு முறை வாங்கிப் பார்க்கும் காலம் இது இல்லை.

பட்டறை இல்லாத தெரு குறைவான ஊர் நம்முடையது. யார் வீட்டிலாவது ஒரு வெர்னியர் இருக்கும், எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே விளையாட்டே மில்லிமீட்டரில்தான். மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டு 170க்கு 170 மி.மீ. சதுரம், 2001இல் வியா நிறுவனம் கொண்டுவந்த அளவு, இன்றுவரை மாறவில்லை. அதில் ராமுக்கு அநேகமாக இரண்டே ஸ்லாட், கார்டுக்கு ஒன்றே ஒன்று. "இப்போ ரெண்டு ராம் போட்டுக்கலாம், அப்புறம் ரெண்டு சேர்த்துக்கலாம்" என்ற வழக்கமான சமாதானம் இங்கே எடுபடாது.

கூலர் உயரம்தான் முதல் கண்ணி. ஃபிராக்டல் டெர்ரா என்ற 10.4 லிட்டர் கேபினட்டை எடுத்துக்கொள்வோம். அதன் நடுவில் நகர்த்தக்கூடிய ஒரு தட்டு. ஒரு பக்கம் மதர்போர்டு, மறுபக்கம் கிராபிக்ஸ் கார்டு. கூலருக்கு 77 மி.மீ. இடம் விட்டால் கார்டுக்கு 43தான் மிஞ்சும். கார்டுக்கு 72 கொடுத்தால் கூலருக்கு 48. விளம்பரத்தில் 77, 72 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருப்பார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. கூலர் மாஸ்டர் என்ஆர்200 கொஞ்சம் தாராளம், 155 மி.மீ. கூலர் வரை தாங்கும். ஆனால் ஓட்டை போட்ட தகட்டுப் பேனலுக்குத்தான் அந்த அளவு. அழகுக்குக் கண்ணாடிப் பேனல் மாட்டினால் அது கொஞ்சம் குறையும். ராமும் அப்படித்தான். சாதாரண ராம் 32 மி.மீ. சுமாருக்கு நிற்கும்; கலர் விளக்கு வைத்தது 40ஐத் தாண்டி, தாழ்ந்த கூலரின் விசிறியில் போய் இடிக்கும்.

கிராபிக்ஸ் கார்டில் எல்லோரும் நீளத்தை மட்டும் கேட்கிறார்கள். தடிமனைக் கேளுங்கள். ஒரே சிப், ஒரே மாடல் எண், ஒரு கம்பெனி இரண்டு ஸ்லாட்டில் முடித்திருப்பான், இன்னொரு கம்பெனி மூன்றுக்கு மேல் போயிருப்பான். கார்டின் தலையில் செருகும் பவர் கேபிளுக்கும் இடம் வேண்டும். 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளின் கனெக்டர் உருகிய செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது. கேபிள் முழுதாகச் செருகப்படாததைத்தான் முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். அந்த வகைக் கனெக்டரிலிருந்து 35 மி.மீ. வரை கேபிளை வளைக்காதீர்கள் என்பது கேபிள் செய்பவர்களே சொல்லும் கணக்கு. குட்டி கேபினட்டில் சைடு பேனலை அமுக்கி மூடுகிறோமே, அந்த அமுக்கல் நேராகப் போய் இறங்குவது அந்தக் கேபிளின் மேல்தான்.

இதைவிடப் பயப்பட வேண்டிய ஒன்று, கார்டை மதர்போர்டுக்குப் பின்னால் திருப்பி மாட்ட உதவும் ரைசர். என்இசட்எக்ஸ்டி கம்பெனியின் எச்1 கேபினட் 2020இல் வந்தது. குட்டி கேபினட் பிரியர்கள் கொண்டாடிய மாடல். அதன் ரைசர் போர்டை கேபினட்டோடு பிடித்திருந்த இரும்பு ஸ்குரூ, போர்டுக்குள் ஓடும் மின்பாதையை உரசி ஷார்ட் ஆகித் தீப்பிடித்தது. கம்பெனி முதலில் நைலான் ஸ்குரூ அனுப்பிச் சமாளித்தது. அது போதாது என்று ஆனதும், 2021 பிப்ரவரியில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 32,000 கேபினட்டுகளைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. சூடாகிப்போனதாகவோ தீப்பிடித்ததாகவோ வந்த புகார்கள் 11. பிராண்டட் பொருளுக்கே இந்தக் கதி என்றால், பெயர் தெரியாத ரைசரை முந்நூறு ரூபாய் மிச்சம் என்று வாங்குவதைப் பற்றி நான் என்ன சொல்ல? பழைய எச்1 எங்காவது செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்தால், ரைசர் மாற்றியதா என்று பார்க்காமல் தொடாதீர்கள்.

ரைசரில் இன்னொரு ஏமாற்றமும் உண்டு. ரைசர் மூன்றாம் தலைமுறை, கார்டு நான்காம் தலைமுறை என்றால் திரை கருப்பாகவே நிற்கலாம். பயாஸில் போய் ஜென் 3 என்று மாற்றினால் சரியாகும். ஆனால் பயாஸைப் பார்க்கவே திரை வேண்டுமே! 12400எஃப், 7500எஃப் போன்ற 'எஃப்' பிராசஸர்களில் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. ஆயிரம் ரெண்டாயிரம் மிச்சம் பிடித்தவர் மொத்தத்தையும் கழற்றி, கார்டை நேராக மதர்போர்டில் செருகி, செட்டிங்கை மாற்றி, மறுபடி பூட்ட வேண்டியதுதான். ரைசர் உள்ள கேபினட் என்றால் எஃப் இல்லாத பிராசஸரே வாங்குங்கள்.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் சுருக்கமாகவே சொல்கிறேன். எஸ்எஃப்எக்ஸ் நீளம் 100 மி.மீ., எஸ்எஃப்எக்ஸ்-எல் 130. பெயரில் ஓர் எழுத்து, உள்ளே 3 செ.மீ. வித்தியாசம். பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கழற்றி மாட்டும் கேபிளை மட்டும் புதியதில் செருகவே செருகாதீர்கள். முனை பொருந்தும், உள்ளே கம்பி வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சுவிட்சைப் போட்ட மறுநொடி எஸ்எஸ்டியோ மதர்போர்டோ கருகும், வாரண்டியும் பேசாது.

இனி யூடியூப் பார்த்து வாங்குபவர்களுக்கு. அந்த வீடியோக்களில் சோதனை நடப்பது பெரும்பாலும் 21, 22 டிகிரி அறையில். பங்குனி, சித்திரையில் மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் நம் அறையில் ஃபேன் ஓடும்போதே 34, 35 இருக்கும். ஈரோடு, கரூர் பக்கம் வெளியே 40ஐத் தாண்டுவது சாதாரணம். அறைச்சூடு 13 டிகிரி கூடினால் உள்ளேயும் ஏறக்குறைய அவ்வளவு கூடும். வீடியோவில் 80 காட்டிய பிராசஸர் இங்கே 93. ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95தான் எல்லை. அதைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய வேகம் சித்திரையில் கிடைக்காது. 65 வாட் பிராசஸர், இரண்டு ஸ்லாட் கார்டு, இதற்கு மேல் ஆசைப்படுவது ஏசி அறைக்காரர்களுக்கு.

தூசியை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. சோமனூர், பல்லடம், திருப்பூர் பக்கம் தறியோ நிட்டிங் மெஷினோ ஓடும் தெருவில் வீடு இருந்தால், காற்றில் பறப்பது வெறும் மண் அல்ல, பஞ்சு. அது கூலர் தகடுகளுக்கு நடுவில் போய்ப் படிந்து கம்பளித் துண்டு மாதிரி இறுகிவிடும். மெல்லிய கூலரில் தகடுகள் நெருக்கமாக இருக்கும், சீக்கிரமே அடைபடும். பல குட்டி கேபினட்டுகளில் கார்டு நேராகப் பக்கவாட்டு ஓட்டை வழியாக இழுக்கும். அங்கே ஃபில்டரே இருக்காது. நைலான் வலை வாங்கி வெட்டி ஒட்டுங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது திறந்து பாருங்கள். ப்ளோயர் அடிக்கும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுற்றவிடாதீர்கள்.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் 600 விஏ யூபிஎஸ் போதும் என்று நினைப்பவர்கள் அதன் பின்னால் ஒட்டியிருப்பதைப் படியுங்கள். 360 வாட் என்றுதான் இருக்கும். விலை குறைந்தவை சைன் அலை தருவதில்லை. நல்ல எஸ்எம்பிஎஸ்கள் சில, கரண்ட் போனதும் அந்த அலையை ஏற்காமல் அப்படியே அணைந்துவிடும். அப்புறம் யூபிஎஸ் எதற்கு?

"இத்தனை தலைவலி எதற்கு, பழைய ஆபீஸ் ஆப்டிப்ளெக்ஸ் ஒன்று வாங்கி ஒரு கார்டு செருகிவிட்டால் போச்சு" என்பவர்கள்தான் எல்லோரையும்விட உஷாராக இருக்க வேண்டும். அந்த மெல்லிய டெல் பெட்டிகளின் எஸ்எம்பிஎஸ்ஸும் மதர்போர்டும் அதன் சொந்த வடிவம். கார்டுக்குத் தனி பவர் வயர் பெரும்பாலும் இருக்காது. ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். அரை உயரக் கார்டு மட்டும்தான் நுழையும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. இன்டெல் ஏழாம் தலைமுறைப் பெட்டிகள் மலிவாகக் கொட்டிக் கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். "விண்டோஸ் 11 போட்டே தர்றேனுங்க" என்பார் விற்பவர். போட்டும் தருவார். விண்டோஸ் 11 கேட்பது இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0வும். அதை ஏமாற்றிப் போட்ட மெஷினுக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. பெட்டியைத் தொடுவதற்கு முன் பிராசஸர் எண்ணைக் கேளுங்கள். ஐ5க்குப் பிறகு வருவது 7500ஆ, 8500ஆ?